பணம் கொடுத்து எழுதி வாங்கிய மென்பொருளுக்கே தடையாணை வாங்கிவிட்டார்கள்

வெளியாரிடம் சொல்லி மென்பொருள் எழுதி வாங்கியிருக்கும் பனியன் கம்பெனிக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளி நடத்துகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். 38 நாட்கள் நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

திருப்பூரில் சிறிய ஏற்றுமதி யூனிட் வைத்திருக்கிறேன். நூல் எத்தனை கிலோ நிட்டிங்கிற்குப் போனது, சாயப்பட்டறையில் எவ்வளவு நிற்கிறது, கட்டிங்கிற்கு எத்தனை வந்தது என்று கணக்குப் பார்க்க, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை நிறுவனம் ஒன்றிடம் மென்பொருள் எழுதச் சொன்னேன். நாலரை லட்சம் ரூபாய். ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. மூலநிரலையும் (சோர்ஸ் கோடு) அவர்களே அனுப்பி, வேண்டிய மாற்றங்களை நாங்களே செய்துகொள்ளலாம் என்று மின்னஞ்சலில் எழுதினார்கள். ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு பக்கக் கொட்டேஷன் மட்டுமே.

பராமரிப்புக் கட்டணத்தை 35,000-லிருந்து ஒரேயடியாக 1,60,000 ஆக்கினார்கள். என்னால் முடியாது என்றேன். உள்ளூர்ப் பையன் ஒருவரைப் பராமரிப்புக்கு வைத்துக்கொண்டு, அதை ஜனவரியிலேயே அவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதித் தெரிவித்தேன். சரி என்று பதிலும் வந்தது. ஜூனில் வந்தது வக்கீல் நோட்டீஸ்: நான் அவர்களுடைய பதிப்புரிமையை மீறிவிட்டேனாம். எனக்கு வழக்கமாகப் பத்திர வேலை பார்க்கும் வக்கீலிடம் காட்டினேன். "மிரட்டிப் பார்க்கிறார்கள், பதிலே போடாதீர்கள்" என்றார். அவர் வார்த்தையை நம்பி நோட்டீஸை அலமாரியில் வைத்தேன்.

நோட்டீஸ் வந்த ஐம்பத்து நான்காம் நாள் காலையில் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் இரண்டு தொழில்நுட்ப ஆட்களோடு வாசலில் நின்றார். கையில் இடைக்காலத் தடையாணை. அடுத்த வாய்தா வரை அந்த மென்பொருளைப் பயன்படுத்தக் கூடாது, நகலெடுக்கக் கூடாது, மாற்றக் கூடாது. எங்கள் தரப்பைக் கேட்காமலே பிறந்த ஆணை. ஆணையர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஹார்டு டிஸ்க்கை நகலெடுத்து, சர்வருக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார். எந்தச் சாயப்பட்டறையில் எத்தனை ரோல் துணி நிற்கிறது என்பது அந்தச் சர்வருக்குத்தான் தெரியும். பழைய டி.சி. (சரக்கு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகங்களைப் பிரித்துவைத்து நானும் என் மனைவியும் இரவு இரண்டு மணி வரை கையால் கணக்கு எழுதினோம். ஒரு ஆர்டர் தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டது. விமானத்தில் அனுப்பிய செலவு 7,80,000 ரூபாய், முழுவதும் எங்கள் தலையில்.

பிறகுதான் அவர்களுடைய பிராதை (வழக்கு மனுவை) படித்தேன். வேறொருவரை நான் பராமரிப்புக்கு வைத்த விஷயம் 'கடந்த வாரம்தான்' தங்களுக்குத் தெரியவந்தது என்று சத்தியப்பிரமாணம் செய்திருந்தார்கள். ஜனவரி மின்னஞ்சலைப் பற்றி ஒரு வரி இல்லை. மூலநிரலைத் தாங்களே கொடுத்ததையும், ஜூனில் தாங்களே நோட்டீஸ் அனுப்பியதையும்கூட மறைத்துவிட்டார்கள். நீதிபதியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் முன்னால் ஒரு தரப்புக் காகிதம்தான் இருந்தது. வணிக வழக்குகளுக்கு முன்னால் சமரசத்துக்குப் போக வேண்டும் என்று வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்கிறது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் மட்டுமே அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த 'கடந்த வாரம்' எதற்காக எழுதப்பட்டது என்பது அப்போது புரிந்தது.

என் பக்கத்திலும் பெரிய ஓட்டை இருந்தது. பணம் கொடுத்ததால் பொருள் என்னுடையது என்று நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு உரிமை. வெளி நிறுவனம் எழுதினால் உரிமை அவர்களிடமே நிற்கும். கையெழுத்திட்ட எழுத்துவடிவ உரிமை மாற்றம் வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆகவே வழக்குக்கு முகாந்திரம் இருந்தது. ஆனால் தடையாணைக்கு அது மட்டும் போதாது. ஆணை இல்லாவிட்டால் யாருக்கு அதிகக் கஷ்டம், அந்த இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாதா என்பதையும் பார்க்க வேண்டும். என் தொழிற்சாலைக்குள் ஓடும் ஒரு கணக்கு மென்பொருளால் அவர்களுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்ன?

இரண்டாவதாகப் பிடித்த வக்கீல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளையைப் பிரித்துக் காட்டினார். ஒருதலையாக ஆணை வாங்கியவர் பிராது, மனு, ஆவணங்களை உடனே எதிர்த்தரப்புக்கு நேரில் கொடுக்க வேண்டும், அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். எனக்கு அவை ஆணை வந்த ஒன்பதாம் நாள்தான் வந்தன. தடையாணை மனுவை, ஆணை பிறந்த 30 நாட்களுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் (விதி 3ஏ). முக்கிய விவரத்தில் தெரிந்தே பொய் சொல்லி ஒருதலை ஆணை வாங்கியிருந்தால் அதை ரத்து செய்ய விதி 4 வழி தருகிறது. ஜனவரி மின்னஞ்சலையும் ஜூன் நோட்டீஸையும் வைத்து மனுப் போட்டோம். ஆணை வந்த 38-ஆம் நாள் அது திருத்தப்பட்டது: எங்கள் யூனிட்டுக்குள் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கக் கூடாது. கேட்டிருந்தால் முதல் நாளே இதற்கு நான் எழுதிக் கொடுத்திருப்பேன்!

எனக்கு இன்றும் ஆறாதது கேவியட் விஷயம், அதாவது என்னைக் கேட்காமல் ஆணை தராதீர்கள் என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே போடும் மனு. நோட்டீஸ் வந்தவுடன் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின் கீழ் கேவியட் மனு போட்டிருந்தால், எனக்குத் தகவல் தராமல் ஆணை வாங்கியிருக்க முடியாது. அது 90 நாள் செல்லும். எனக்கு 54-ஆம் நாளே ஆணை வந்தது. செலவும் சொற்பம். நான் முதலில் நம்பிய வக்கீல் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பதிப்புரிமை வழக்கை, வாதி தன் தொழில் நடத்தும் ஊரிலேயே போட பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. எங்கள் வழக்கு சென்னையில்தான் நடக்கிறது. உங்கள் ஊரில் மட்டும் கேவியட் போட்டால் போதாது. அவர்கள் ஊரிலும் போடுங்கள்.

போதிய காரணமின்றித் தடையாணை வாங்கியவரிடம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம் என்றார்கள். உச்சவரம்பு 50,000 ரூபாய். அந்த மனுவில் உத்தரவு வாங்கிவிட்டால் நஷ்டஈட்டுக்குத் தனி வழக்குப் போட முடியாது. விமானக் கட்டணம் மட்டுமே அதைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல். அதனால் அந்த மனுவைப் போடவில்லை. தனி வழக்குக்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அசல் வழக்கு நிலுவையில் இருக்கிறது.