ரத்தத்தில் ஈயம், சிறுநீரில் குரோமியம்: வேலூர் லேப் ஒன்றில் எங்கள் வீட்டு அனுபவம்

ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம் பக்கம் யாராவது குழந்தைக்கு ஈயமும் பெரியவர்களுக்குக் குரோமியமும் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லேபின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகள் இருக்கின்றன, ஆனால் பாதிக் குறை அவர்கள் கையில் இல்லாதது.

அப்பா இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் டேனரியில், குரோமிய உப்பில் தோலைச் சுழற்றும் குரோம் டிரம் பக்கமே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. மகளுக்கு நான்கு வயது. மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த ஊர் இது, 2006ல் பிளாக்ஸ்மித் என்கிற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று. இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டு, ஒரு தடவையாவது உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுப்பார்கள். காலை ஆறே முக்காலுக்கெல்லாம் முத்துக்கடையில் நின்றுகொண்டு வழி கேட்டுப் போன் செய்துவிட்டார் அந்தத் தம்பி, நேரத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் அவர் பையில் இருந்தது சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்க்க எடுக்கும் சாதாரணக் குழாய்கள். நான் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை, அதனால் கண்ணில் பட்டது, இல்லையென்றால் நானும் கையை நீட்டச் சொல்லியிருப்பேன். இந்த உலோகங்களை அளப்பது நூறு கோடியில் ஒரு பங்கு என்கிற கணக்கில். குழாயில் ஒட்டிய தூசி போதும், அளவே மாறிவிடும். ரத்தத்தில் குரோமியம் பார்ப்பதென்றால் ஊசியின் எவர்சில்வரே வில்லங்கம், அதிலேயே குரோமியம் இருக்கிறது. அதனால்தான் உலோகம் கலக்காமல் தயாரித்த கருநீல மூடிக் குழாய் என்று தனியாகவே இருக்கிறது.

லேபுக்குப் போன் செய்தேன். மேனேஜர் வாதாடவில்லை, தப்புதான் மேடம் என்று ஒப்புக்கொண்டு இரண்டு நாளில் சரியான குழாய்களோடு அனுபவமுள்ள ஓர் அம்மாவை அனுப்பினார், கூடுதல் பணமும் கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றி நன்றாகவே சொல்ல வேண்டும். மகளை மடியில் வைத்துக் கதை பேசிக்கொண்டே ஒரே குத்தில் எடுத்துவிட்டார். அதற்கு முன் கையை சோப்பு போட்டுக் கழுவ வைத்தார். அப்புறம் ஈயம் எங்கிருந்து வரலாம் என்று பார்க்கச் சில கேள்விகள்: மஞ்சள்தூள் எங்கே வாங்குகிறீர்கள், கண்மை வைப்பீர்களா, வீட்டில் பழைய பெயின்ட் உரிகிறதா, பக்கத்தில் பேட்டரி உடைக்கிறார்களா, ரசம் எதில் வைக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு என் அம்மா ஈயச்சொம்பைக் கொண்டுவந்து காட்டினார். நம் பாட்டிமார் புழங்கிய ஈயச்சொம்பு வெள்ளீயம் (டின்). விஷம் என்பது காரீயம் (லெட்). இரண்டுக்கும் தமிழில் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், கடையில் மலிவாகக் கிடைப்பதில் எது கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அன்றோடு அந்தச் சொம்பு பரணுக்குப் போய்விட்டது, அம்மாவுக்கு வருத்தம்தான்.

சாம்பிள் கூரியரில் வேறு மாநிலத்துக்குப் போய் ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆனது. நாடு முழுக்க நோயாளிகள் ரயிலேறி வருகிற வேலூரிலிருந்து, பக்கத்து ஊர்க் குழந்தையின் ரத்தம் ரயிலேறிப் போகிறது.

மகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 4.6 மைக்ரோகிராம். பக்கத்திலேயே 'இயல்பு: 10க்குக் கீழ்' என்று அச்சடித்திருந்தார்கள். இதுதான் எனக்குப் பெரிய குறை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 10 என்கிற அளவை 2012லேயே விட்டு 5க்கு இறங்கியது, 2021ல் 3.5க்கு. ஈயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால் நிம்மதியாக மூடி வைத்திருப்போம். குழந்தை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான், காரணத்தைத் தேடுங்கள், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள், இரும்பும் கால்சியமும் குறையாமல் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் கொடுங்கள் என்றார்.

சரி, அந்த 3.5 எங்கிருந்து வந்தது? விஷம் தொடங்கும் கோடு அல்ல அது. அமெரிக்காவில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் ரத்தத்தைத் தேசிய சர்வேயில் வருஷக்கணக்காக அளந்து, நூற்றில் தொண்ணூற்றேழரைப் பேர் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறார்களோ அதை எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியா 2006ல் தனிச் சட்டமே போட்டு, தன் மாநில மக்களின் உடம்பில் எந்தெந்த ரசாயனம் எவ்வளவு என்று அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது. என் மகளின் எண்ணை ராணிப்பேட்டைக் குழந்தைகளோடும் ஆம்பூர்க் குழந்தைகளோடும் ஒப்பிட வேண்டும். ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எந்தத் தனியார் லேபும் எழுத முடியாது, மாநிலம்தான் எழுத வேண்டும்.

அப்பா விஷயம் இன்னும் மனதைப் பிசைந்தது. சிறுநீர் குரோமியம் இயல்பு என்று வந்தது, அப்பாவும் சந்தோஷப்பட்டார். ஆனால் சிறுநீர் பெரும்பாலும் சமீப நாட்களின் கதையைத்தான் சொல்லும். பணம் வாங்குவதற்கு முன் லேப் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவைப்பது ஆறு இணைதிறன் குரோமியம். இந்த ஆறு இணைதிறன் வகை மட்டும்தான் சுலபமாக ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைந்து, உள்ளேயே மூன்றாக மாறி, அந்தச் சிவப்பணு சாகும் வரை, சுமார் 120 நாள், அங்கேயே மாட்டிக்கொள்ளும். சிவப்பணுவைத் தனியாகப் பிரித்து அளந்தால் எந்த வகை என்று ஓரளவு பிடித்துவிடலாம். அந்த டெஸ்ட் இருக்கிறதா என்று கேட்டேன், லிஸ்டிலேயே இல்லை. இருந்திருந்தாலும் கடைசி நான்கு மாதம்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அப்பா உடம்புக்குள் போனது எவ்வளவு என்பதை இனி எந்த மெஷினாலும் அளக்க முடியாது. அப்போதே வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் எடுத்து, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் ஒரு பங்கை வைத்திருந்தால் இன்று எடுத்துப் பார்த்திருக்கலாம்.

இதற்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் ஒன்றியத்திலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் நடுவயது ஆன பிறகும் தேடிப் போய்ச் சர்க்கரை, இதயம் எல்லாம் பார்த்திருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் காற்று மாசையும் கர்ப்பிணிகளையும் வைத்துப் பல வருஷ ஆய்வு செய்திருக்கிறார்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பிபி, சர்க்கரை பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார்கள். அதே அக்கா கையில் அமிலத்தில் கழுவிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, சாம்பிளை வேலூரிலேயே, உலோகங்களை மிக நுண்ணிய அளவில் அளக்கும் ஓர் ஐசிபி-எம்எஸ் மெஷினில் ஓடவிட்டு, அதை நடத்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு நிரந்தர வேலையும் கொடுத்தால் (மெஷின் வாங்குவதைவிட இதுதான் கஷ்டம்), ஐந்து வருஷத்தில் நம் ஊருக்கென்று எண்கள் கிடைத்துவிடும். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996ல் உச்சநீதிமன்றம் வேலூர் டேனரி வழக்கிலும் சொன்னது, 2025 ஜனவரியில் திரும்பவும் இதே டேனரி விஷயத்தில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஈடு கேட்கப் போகும் தொழிலாளி கையில் காட்ட என்ன இருக்கிறது?

லேபுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. சாம்பிள் எடுத்த அம்மாவுக்கும் தப்பை ஒப்புக்கொண்ட மேனேஜருக்கும்தான் அந்த மூன்று. இரண்டு டெஸ்டுக்கும் சேர்த்து நான்காயிரத்துச் சொச்சம், தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை. போகிறவர்கள் கருநீலக் குழாய் கொண்டுவருவார்களா என்று முன்னாலேயே போனில் கேளுங்கள், ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்று போட்டிருந்தாலும் எண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். டேனரியில் இப்போது வேலையில் இருப்பவர்கள், வாரக் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்றிவிட்டுச் சிறுநீர் கொடுங்கள், உடுப்புத் தூசி விழுந்தால் கணக்கு கெட்டுவிடும்.

மகளுக்கு அடுத்த சாம்பிள் பொங்கல் கழித்து எடுக்கிறோம், அதே அம்மாவே வரட்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.