பள்ளி மானியமா, நன்கொடையா?

ஏற்காட்டு மலைக் கிராமத்தில் நாற்பது பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரே பேசும் வகுப்பை, பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து செய்து கற்கும் வகுப்பாக மாற்றப் பணம் வேண்டும்.

சமக்ர சிக்‌ஷா மானியம், அதாவது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம், விதிப்படி வருவது. 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். கரண்ட் பில், குடிநீர், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதற்குள்தான். 10 சதவீதமாவது தூய்மைக்குப் போக வேண்டும். மணிச்சட்டம், படஅட்டை, கதைப்புத்தகம் வாங்க மிஞ்சுவது கொஞ்சம். 2024-25இல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்கான நிதியையே நிறுத்தி வைத்தது வேறு.

அப்புறம், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் தரலாம். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டம் சொல்வதால் தொகையும் பெரிதாக வரலாம். ஆனால் பெயர்ப்பலகை மாட்ட முடிகிற கட்டடம், ஸ்மார்ட் போர்டு என்றால்தான் பலருக்கும் ஆர்வம். படஅட்டைக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

என்னைக் கேட்டால், தேய்ந்து தீரும் பொருளுக்கு மானியம், ஒரே தடவைச் செலவுக்கு நன்கொடை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, 'தாழ்வான வட்ட மேசை, திறந்த அலமாரி' என்று பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.