ஆறு வித்தியாசங்களா, எறும்பு வரிசையா?

குழந்தையின் கவனிக்கும் திறனை வளர்க்க வேண்டும் என்றால் பலரும் 'ஆறு வித்தியாசங்கள்' படப் புதிரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அதில் பயன் உண்டு. சட்டைப் பொத்தானையும் பூனையின் வாலையும் மாறி மாறி ஒப்பிடும்போது கண் ஒழுங்காக நகரப் பழகுகிறது. பஸ் பயணத்துக்கும் மழை நாளுக்கும் ஏற்றது. ஆனால் ஆறாவதைக் கண்டுபிடித்ததும் குழந்தை தாளை மூடிவிடும்.

எறும்பு வரிசைக்கு அப்படி எண்ணிக்கை இல்லை. வாசற்படியில் கொஞ்சம் சர்க்கரை, பக்கத்தில் நான்கைந்து அரிசி வைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்காருங்கள். எதிரெதிரே வரும் எறும்புகள் உணர்கொம்புகளால் தொட்டுக்கொள்வதைப் பிள்ளையே உங்களுக்குக் காட்டும். வரிசையின் குறுக்கே ஈர விரலால் ஒரு கோடு இழுங்கள். எறும்புகள் அங்கே தயங்கி அலையும். அவை பின்தொடர்ந்த வாசனைத் தடம் அழிந்ததுதான் காரணம். தயவுசெய்து அதை உடனே சொல்லிவிடாதீர்கள்! "ஏன் நின்றுவிட்டது?" என்ற கேள்வி குழந்தையிடமிருந்து வரட்டும். கட்டெறும்பு என்றால் மட்டும் சற்றுத் தள்ளி உட்காருங்கள், கடித்துவிடும்.

ஐந்து வயது வரை என் தேர்வு எறும்புகள்தான். ஆறேழு வயதில் புதிரும் சேரட்டும். பார்த்ததை வரையச் சொன்னபோது என் மகள் முதலில் எறும்புக்கு நான்கு கால்கள் போட்டாள். மறுநாள் தானே வாசலுக்குப் போய், குனிந்து எண்ணி, இன்னும் இரண்டைச் சேர்த்தாள்.