சமையலறை எலக்ட்ரானிக் தராசு: மைதாவுக்கு அவசியம், ஈஸ்டுக்குப் போதாது

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய பாத்திரக் கடையொன்றில் 600 ரூபாய்க்குள் வாங்கிய தராசு இது. 5 கிலோ வரை தாங்கும். ஒவ்வொரு கிராமாகக் காட்டும். வீட்டில் கேக் செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

வந்ததும் முதலில் என் கப்புகளைச் சோதித்தேன். காலிக் கப்பைத் தட்டில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. எவர்சில்வர் கப் 240, பிளாஸ்டிக் கப் 250, ரைஸ் குக்கரோடு வந்த கப் 180. மூன்றுக்கும் வீட்டில் ஒரே பெயர்தான்!

மைதா இன்னும் மோசம். அதே 240 மில்லி கப்பில் சலித்த மாவைக் கரண்டியால் போட்டு மேலே வழித்தால் ஏறக்குறைய 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொட்டுவிடும். நான்கு கப் மாவு கேட்கும் கேக்கில் முழுதாக ஒரு கப் கூடிப்போகிறது. கேக் வறண்டு வெடித்தால் அடுப்பைத் திட்டிப் பயனில்லை. சர்க்கரை இப்படி ஏய்க்காது. எப்படி அள்ளினாலும் 200 பக்கம்தான். ரவை 170 பக்கம், கோகோ 85 பக்கம். எல்லாப் பொருளுக்கும் ‘ஒரு கப் 250 கிராம்’ என்று போடும் அட்டவணைகளைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு நம் ஊர் விவிக்கம் கேக் போடும்போது இதன் அருமை தெரியும். ஒரே பாத்திரத்தில் வெண்ணெய், பூஜ்யம், சர்க்கரை, பூஜ்யம், ரவை என்று போட்டுக்கொண்டே போகலாம். பாரிஸிலிருந்து நாத்தனார் அனுப்பும் செய்முறைகளில் மாவும் சர்க்கரையும் கிராமில்தான் இருக்கும். அவற்றையும் இப்போது அப்படியே செய்கிறேன்.

குறைகளும் உண்டு. ஈஸ்ட், சோடா உப்பு போன்றவற்றைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் எண் அசையவே மாட்டேன் என்கிறது. டப்பாவையே தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கி, வேண்டியதை எடுத்தால் குறைந்த எடை மைனஸில் தெரியும், அது பரவாயில்லை. ஆனாலும் 5 கிராமுக்குக் கீழே டீஸ்பூனைத்தான் நம்புகிறேன். நிதானமாகச் சலித்துக்கொண்டிருந்தால் தானாக அணைந்து, அதுவரையிலான கணக்கையும் மறந்துவிடுகிறது. அகலமான பாத்திரம் வைத்தால் எண்ணே மறைந்துவிடும். திரை சற்று வெளியே நீண்டிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இட்லிக்கு மட்டும் வாங்க நினைப்பவர்களுக்கு இது தேவையில்லை. அரிசியும் உளுந்தும் கப்புக்குக் கிட்டத்தட்ட ஒரே எடை. நாலுக்கு ஒன்று என்ற விகிதம் எந்தக் கப்பில் அளந்தாலும் மாறாது. எடைபோட்டு விற்பவர்கள் இதை வாங்க வேண்டாம். வியாபாரத்துக்கு அரசு முத்திரையிட்ட தராசுதான் சட்டப்படி செல்லும்.