எடை குறைக்கும் ஆபரேஷன் முகாமில் பெயர் கொடுப்பதற்கு முன்: பாலக்கோட்டில் இருந்து ஓர் எச்சரிக்கை

பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக ஊர்ப் பெண்களின் மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவளின் உயரத்தையே ஓர் ஆஸ்பத்திரி ஆறு சென்டிமீட்டர் குறைத்து எழுதியிருக்கிறது. அது எனக்குத் தெரிய வந்தபோது ஆபரேஷன் முடிந்து, நகை அடகுக்குப் போய், நான் ஒருமுறை செத்துப் பிழைத்தும் ஆகியிருந்தது.

போன வாரம் கடைக்கு வந்த ஒரு அக்கா கையில் அதே மாதிரி முகாம் நோட்டீஸ், அதே சிரிக்கிற பொண்ணு போட்டோ. அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்காதீர்கள், வழக்கு நடக்கிறது, வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஓசூர் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆபரேஷனே கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது 96 கிலோ இருந்தேன், இப்போது 67. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். மாடிப்படி ஏறினால் முட்டி கத்துவதில்லை. என் கோபமெல்லாம் அதை விற்ற விதத்தின் மேலும், விற்றுவிட்டு என்னை விட்டுப் போன விதத்தின் மேலும்தான்.

2023 ஜூனில் தர்மபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச எடைப் பரிசோதனை முகாம் நடந்தது. வெறும் காலோடு ஒரு மெஷின் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள், அது கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று ஒரு சீட்டைத் துப்பியது. கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண். "அக்கா, உங்களுக்கு 37 வயசு, ஆனா உங்க உடம்புக்கு 58னு காட்டுது பாருங்க" என்றாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மூன்றே நாள், மூன்றே கால் லட்சம், இன்சூரன்ஸ் இருந்தால் கையில் இருந்து ஒரு ரூபாய் வேண்டாம், அப்புறம் வாழ்க்கை முழுக்க நாங்க இருக்கோம் அக்கா என்றாள். எங்கள் குடும்பத்துக்கு ஐந்து வருடமாக பாலிசி ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டுக்காரரும் சரி என்றார்.

இந்த 'அக்கா'வைக் கொஞ்சம் கவனியுங்கள். முகாமில் அக்கா, பணம் கட்டிய மறுநாள் மேடம், வாந்தி நிற்கவில்லை என்று போன் செய்தபோது "யாரு பேசறீங்க?"

இந்த ஆபரேஷனுக்கு முன்னால் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பதை எல்லாம் கெட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். எண்டோஸ்கோபி போட்டு இரைப்பைக்குள் பார்க்க வேண்டும். ஸ்கேன், தைராய்டு, மூன்று மாத சர்க்கரை சராசரி, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி பார்க்க வேண்டும். குறட்டை விடுகிறவர் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவு ஆலோசகர் உட்கார்ந்து பேச வேண்டும், மனநல ஆலோசகர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அப்புறம் கிட்டத்தட்ட இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதம் அதிகமாகச் சாப்பிட வைப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஈரல் கொழுப்பேறி வீங்கி இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும், அது சுருங்கினால்தான் உள்ளே கருவியை விட்டு வேலை பார்க்க வசதி. எனக்கு ரத்தம் எடுத்தார்கள், ஒரு ஸ்கேன், ஈசிஜி, அவ்வளவுதான். சாப்பாடு பற்றி அந்தப் பெண் சொன்னது என்ன தெரியுமா? "ஆபரேஷனுக்கு முன்னாடி ஆசைப்பட்டதெல்லாம் சாப்பிட்டுக்கோங்க மேடம், அப்புறம் முடியாது." நானும் அதை நம்பி, அட்மிஷனுக்கு முந்தின ஞாயிறு கிருஷ்ணகிரியில் நாத்தனார் வீட்டில் மட்டன் பிரியாணியை ஒரு கை பார்த்தேன்.

அட்மிஷன் அன்று இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை, ஒன்றரை லட்சம் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். ஐந்து பவுன் சங்கிலி பேங்க்குக்குப் போனது. ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு, பச்சை கவுனோடு ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருக்கும்போது, ஆங்கிலத்தில் ஒரு கட்டுப் பேப்பரைக் கொடுத்துப் பதினோரு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பெங்களூரில் இருந்து வாரத்தில் ஒரு நாள் வரும் சர்ஜனை அந்தக் காலையில்தான் முதல்முறை பார்த்தேன், இரண்டு நிமிடம் இருக்கும். இரைப்பையைத் தைத்துச் சின்னதாக்குவார்கள், வேண்டாம் என்றால் பிரித்துவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். (தையல்காரி புத்தி, தைத்ததைப் பிரிக்கலாம் என்று.) மறுநாள் வார்டில் இருந்த தேன்கனிக்கோட்டை நர்ஸ் பொண்ணுதான் சொன்னாள், "அக்கா, இது ஸ்லீவ். முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி வெளியே எடுத்தாச்சு, இருக்கறது ஒரு வாழைப்பழம் மாதிரி. திரும்ப வராது." அதை முதலில் தமிழில் விளக்கிச் சொன்ன ஒரே ஆள் அவள்தான், அதுவும் எடுத்த பிறகு.

டிஸ்சார்ஜ் அன்றும் அப்ரூவல் வரவில்லை. மீதியையும் கட்டிவிட்டு இன்சூரன்ஸில் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், வீட்டுக்காரர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். போகும்போது புரத மாவு, வைட்டமின் மாத்திரை என்று 22 ஆயிரத்துக்கு ஒரு பை. சாப்பாட்டுச் சீட்டும் ஆங்கிலத்தில். என் மகள் படித்துக்காட்டினாள்: முதல் இரண்டு வாரம் தண்ணீர் ஆகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் மென்மையான உணவு. மென்மைக்கு உதாரணமாக ஓட்ஸ், பிராக்கோலி, யோகர்ட். பாலக்கோடு சந்தையில் தக்காளி கொட்டிக் கிடக்கும், பிராக்கோலிக்கு நான் எங்கே போவது?

நாலு வாரம் ரசத்தண்ணி, மோர், பருப்புத்தண்ணி, மசித்த இட்லி என்று ஓட்டினேன். ஐந்தாவது வாரம் மாமியார் பாவப்பட்டுக் கேழ்வரகுக் களி கிண்டினார். மென்மைதானே, அதைவிட மென்மை என்ன இருக்கிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, களியை யாரும் மெல்ல மாட்டோம், உருட்டிக் கீரைக் கடைசலில் தோய்த்து அப்படியே முழுங்குவோம். இரண்டாவது உருண்டை நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த வாந்தி மூன்று வாரம் நிற்கவில்லை. பிறகு தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இந்த ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் களியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா?

கோஆர்டினேட்டருக்கு ஒன்பது முறை போன் செய்தேன். எடுத்த இரண்டு முறையும், நார்மல்தான் மேடம், எல்லாருக்கும் வரும், சிப் சிப்பாகக் குடியுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் நாலு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன், என் டிஸ்சார்ஜ் பேப்பரில் வாந்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஐந்தாவது நாள் கடையில் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஊசி இரண்டு, நூல் இரண்டு, எந்தக் காதில் எந்த நூலை விடுவது? எழுந்தால் கால் தரையில் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, குடித்தவள் மாதிரி நடந்தேன். மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, என்ன ஆபரேஷன், எத்தனை நாளாக வாந்தி என்று கேட்டவர் அடுத்த கேள்வியே, "பி1 ஊசி போட்டாங்களா?"

இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் குறித்து வையுங்கள். சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பில் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சம் மீதியையும் அது செலவழித்துவிடும், மூளையும் நரம்பும் அடி வாங்கும். கண் இரண்டாகத் தெரிவது, தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அதன் அறிகுறி. எனக்கு முதலில் பி1 ஏற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டார்கள். இரண்டு நாளில் ஊசி ஒன்றாகிவிட்டது. கால் மரப்பு போக ஏழு மாதம் ஆனது, இடது கட்டைவிரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. சேலத்தில் எண்டோஸ்கோபி போட்டதில் வெட்டித் தைத்த இடம் ஒரு இடத்தில் குறுகியிருந்தது தெரிந்தது, பலூன் விட்டு விரித்தார்கள், வாந்தி நின்றது. மூன்று வாரமாக "நார்மல்" என்று சொன்னது இதைத்தான். 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன 26 வயசுப் பையன் இறந்த செய்தி டிவியில் ஓடியபோது, அம்மா ஒன்றும் பேசாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சரி, உயரத்துக்கு வருகிறேன். டிசம்பரில் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது, தவறான விவரம் கொடுத்ததால் கிளெய்ம் நிராகரிப்பு என்று. நான் என்ன தவறான விவரம் கொடுத்தேன்? இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2019இல் வகுத்த விதிப்படி, இந்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பணம் தர பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் கணக்கு, குறைந்தது 40 இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 35 இருந்து கூடவே கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் கடுமையாக மூச்சு நிற்பது போன்ற ஒன்று இருக்க வேண்டும். என் சர்க்கரை மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. என் உயரம் 158, எடை 96, கணக்குப் போட்டால் 38.5 வருகிறது. அதாவது டாக்டர் கணக்கில் ஆபரேஷனுக்குத் தகுதி உண்டு, இன்சூரன்ஸ் கணக்கில் பணம் கிடையாது. இது முகாமிலேயே அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, எடையை மாற்றினால் மாட்டுவோம் என்று உயரத்தை 152 ஆக்கிவிட்டார்கள். அப்போது 41.6 வரும். ஐந்து வருடத்துக்கு முன் பாலிசி எடுத்தபோது நான் கொடுத்த விண்ணப்பத்தில் 158 என்று இருந்தது. கம்பெனிக்காரன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

கேஸ் ஷீட் நகல் கேட்டேன். எம்டி கையெழுத்து வேண்டும், எம்டி ஊரில் இல்லை என்று இரண்டு மாதம் இழுத்தார்கள். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் வருட விதி. அதைக் குறிப்பிட்டு வக்கீல் பதிவுத் தபால் அனுப்பியதும் நாலாம் நாள் வந்தது. அதில் உணவு ஆலோசகர் மூன்று முறை பார்த்ததாக மூன்று பக்கம். மனநல ஆலோசகர், "நோயாளி முழுமையாகப் புரிந்துகொண்டார்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஆள் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 2019 சட்டத்தில் அந்த வசதி உண்டு. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். கிருஷ்ணகிரி மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு மனு போயிருக்கிறது.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: ஒரு இட்லி சாப்பிட அரை மணி நேரம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை, அரை மணி நேரம் கழித்துத்தான். முதலில் முட்டையோ பருப்போ மீனோ, வயிற்றில் இடமிருந்தால் சோறு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுசுக்கும் உண்டு, ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் உண்டு. இந்தச் செலவை எந்த முகாமிலும் சொல்லமாட்டார்கள். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, ஒரு வருடத்தில் திரும்ப முளைத்தது. என் பிளவுஸ்களை ஐந்து முறை பிடித்துத் தைத்திருக்கிறேன், பழசில் இப்போது துணியைவிடத் தையல்தான் அதிகம். பந்தியில் உட்கார்ந்தால் இலையை வீணாக்குகிறாள் என்று பார்க்கிறார்கள், அதனால் கல்யாணங்களில் பந்தி முடிந்த பிறகு சமையல்கட்டுப் பக்கம் போய் ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

அதே முகாமில் பெயர் கொடுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் உயரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அளவு சந்தேகமாக இருந்தால் கடைக்கு வாருங்கள், டேப் என்னிடம் இருக்கிறது. எனக்கு அடுத்த வாய்தா வருகிற 18ஆம் தேதி.