பினாங்கில் பாய்மரப் படகில் ஒரு ராத்திரி: நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்

தைப்பூசத்துக்கு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போனபோது, காரைக்குடியிலிருந்து போன நாங்கள் நாலு பேர் ஒரு பகல் ஒரு ராத்திரிக்குப் பாய்மரப் படகு எடுத்தோம். எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இதே ஊருக்கு, வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போனவர். அப்பத்தா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே, அந்தத் துறைமுகத்தைத் தண்ணீரில் இருந்துகொண்டு ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

படகு சுத்தம். தளம் முழுக்கத் தேக்கு, வெறுங்காலோடு நடந்தால் எங்கள் வீட்டு வளவில் பர்மாத் தேக்குத் தூணைத் தொட்ட மாதிரியே இருந்தது. சமையல் அடுப்பையும் எங்களிடம் தாராளமாக விட்டார்கள், படகு சாய்ந்தாலும் அது மட்டமாகவே தொங்குகிறது, ஊரிலிருந்து கொண்டுபோன மசாலாவில் மீன் குழம்பே வைத்துவிட்டோம்.

ஸ்ட்ரெயிட்ஸ் கீ படகுத்துறையில் கிளம்பி ஜார்ஜ் டவுனை ஒட்டித் தெற்கே வரும் பகுதிக்காகவே போகலாம். கார்ன்வாலிஸ் கோட்டை, சொகுசுக் கப்பல்கள் நிற்கும் துறை, தண்ணீரில் கால் நட்டுக் கட்டிய சீனர்களின் மரவீடுகள், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்துக் கிரேன்கள், நடுவே குறுக்கும் நெடுக்கும் ஃபெரியும் மீன்படகும். ஒவ்வொன்றும் கிளப்பும் அலையில் படகு நன்றாக ஆடும், வயிறு தாங்காதவர்கள் மாத்திரையை முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள். தை மாதத்தில் காற்று குறைவு, பாதித் தூரம் எஞ்சினில்தான் போனோம். தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலத்துக்கு அடியில் நுழையும்போது பாய்மரம் இடித்துவிடும் என்றே தோன்றும், இடிக்காது.

அப்புறம் ஜெரஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவே நங்கூரம். கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த தீவு அது, பிறகு 1969 முதல் 1993 வரை சிறை. இருட்டில் அதைப் பார்த்துக்கொண்டு, ஐயா வந்த காலத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் குறை இங்கேதான். ஆழம் ஆறு மீட்டர், கேப்டன் விட்ட சங்கிலி இருபது மீட்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு நீரோட்டம் திரும்பியது, படகும் திரும்பியது, நங்கூரம் சேற்றில் நழுவி, பக்கத்துப் படகின் விளக்கு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. படகு இடம் நகர்ந்தால் சத்தம் போடும் நங்கூர அலாரத்தைக் கேப்டன் வைக்கவில்லை. தூக்கம் வராமல் விழித்திருந்த நான் போய் அவரைத் தட்டி எழுப்பினேன். பாவம், பதறி ஓடிவந்து நங்கூரத்தைத் தூக்கி வேறு இடத்தில் போட்டு, நாற்பது மீட்டர் விட்டார், விடியும்வரை அசையவில்லை. அங்கே சேறு நன்றாகவே பிடிக்கும், ஆனால் சங்கிலி தரையில் படுத்துக் கிடந்து நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுத்தால்தான் பிடிக்கும். கிடக்கிற ஆழத்தோடு, ஓதத்தில் கடல்மட்டம் ஏறப்போகும் அளவையும், தண்ணீருக்கு மேலே படகின் முன்பக்க உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்காவது விட வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, எந்தப் படகை எடுத்தாலும் கேட்க வேண்டியது இதுதான். பகலுக்கு ஐந்து நட்சத்திரம், ராத்திரிக்கு ரெண்டு. அடுத்த தைப்பூசத்துக்கும் போவேன், படுக்கும் முன் சங்கிலியை நானே எண்ணிவிட்டுத்தான் படுப்பேன்.