வி.எஸ். கோட், விம், ஈமாக்ஸ்: நம் வசதிக்கு வளைவது எது?

நிரல் எழுதும் எடிட்டரை அதன் வேகத்தை வைத்து அளக்கும் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. உள்ளே கைவைத்து எவ்வளவு தூரம் மாற்றலாம், நாளை வேறு வேலைக்குப் போனால் கற்றது கூட வருமா, இந்த இரண்டையும்தான் நான் பார்ப்பேன்.

2015இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வி.எஸ். கோடுக்கு நீட்சிகளை (எடிட்டரில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களை) ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதலாம். வெப் வேலைக்கும் அதே மொழிகள்தான், அதனால் இங்கே செலவழித்த உழைப்பு வீணாகாது. ஆனால் திறந்துவிட்ட கதவுகள் வழியாக மட்டுமே நீட்சி உள்ளே போகலாம். திரையின் அமைப்பை நேரடியாகத் தொட அதற்கு அனுமதி இல்லை. மூல நிரல், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் எம்.ஐ.டி. உரிமத்தில் இருந்தாலும், நாம் தரவிறக்கும் பதிப்புக்கு மைக்ரோசாஃப்டின் தனி உரிமம். அது வேண்டாம் என்று, அதே மூல நிரலிலிருந்து மற்றவர்கள் உருவாக்கித் தரும் வி.எஸ்.கோடியத்துக்குப் போனால், பைத்தான் மொழிக்கான பைலான்ஸ் போன்ற சில மைக்ரோசாஃப்ட் நீட்சிகளை விட்டுவிட வேண்டும். திறந்த மென்பொருள்தான், ஆனால் முக்கால்வாசி.

ஈமாக்ஸில் அப்படிக் கதவே கிடையாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் இருக்கிறது. ஒரு விசை எந்தச் செயற்கூற்றை இயக்குகிறது என்று அதையே கேட்கலாம், அதன் மூல நிரலைத் திறந்து படிக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதலாம். 2003இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் குறிப்பெடுக்க உருவாக்கிய ஆர்க் மோட், பின்னாளில் நாட்காட்டி, அட்டவணை, ஓடக்கூடிய நிரல் எல்லாம் அடங்கிய கருவியாக வளர்ந்தது. ஈமாக்ஸ் லிஸ்ப் தெரியும் என்று சொன்னால் யாரும் வேலை தரப்போவதில்லை. அடுத்தவர் எழுதிய நிரலைப் பயமில்லாமல் பிரித்துப் படிக்கும் பழக்கம் மட்டும் எந்த வேலைக்கும் கூட வரும். (அமைப்புகளைத் திருத்தத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகும், அது வேறு.)

விம் 1991இல் பிராம் மூலெனார் வெளியிட்டது. தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைந்தால் பெரும்பாலும் விஐ (விம்மின் முன்னோடி) வகை எடிட்டர் ஒன்று இருக்கும். விம்மின் விசைகளை (மவுஸ் இல்லாமல் திருத்த உதவும் விசைக் கட்டளைகளை) மற்ற இரண்டிலும் நீட்சி போட்டுப் பயன்படுத்தலாம். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் லுவா மொழியிலேயே அமைப்புகளை எழுதலாம். இந்தத் துறையில் பல இடங்களுக்குத் தாவ நினைப்பவருக்கு மிகக் குறைந்த செலவில் நீண்ட காலம் உதவுவது இந்த விசைகள்தான்.

நிரலைத் தானாக முடித்துத் தருவதில் வி.எஸ். கோடுக்கு இருந்த முன்னிலை இப்போது குறைந்துவிட்டது. 2016இல் மைக்ரோசாஃப்டே அறிவித்த திறந்த நெறிமுறை எல்.எஸ்.பி. (ஒரு மொழிக்கான உதவியை எந்த எடிட்டருக்கும் தரும் வழி), 2021இல் நியோவிம்முக்குள்ளும் 2023இல் ஈமாக்ஸுக்குள்ளும் நேரடியாகவே வந்துவிட்டது.

எது நிலைக்கும் என்பதற்கு ஆட்டம் (Atom) என்ற எடிட்டரின் கதையைப் பாருங்கள். இஷ்டப்படி மாற்றலாம் என்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2014இல் கொண்டுவந்தது அது. 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. அதற்காகப் பிறந்த எலெக்ட்ரான் (வெப் நுட்பத்தில் கணினிச் செயலி செய்யும் அடித்தளம்) மீதுதான் வி.எஸ். கோட் இன்றும் ஓடுகிறது.

சீக்கிரம் வேலை வேண்டும் என்றால் வி.எஸ். கோட், அதில் விம் விசைகள். எழுத்தும் ஆய்வும் நிரலும் கலந்த வேலை என்றால் ஈமாக்ஸ். தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கும் அதையே சொல்வேன்: தமிழ் உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே இருக்கிறது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில்) ஓடும் விம்மில் கொம்பும் காலும் எங்கே போய் நிற்கும் என்பது அந்த டெர்மினலைப் பொறுத்தது.